ஆணையில்லாத் தடை: 'மாதொருபாகன்' நிகழ்வும் வட்டார எழுத்தின் உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

நூல்தடை என்பது அரசு ஆணையின்வழி நிகழ்வது என்றே தமிழ் இலக்கிய வரலாறுகள் பெரிதும் பதிவு செய்துள்ளன. நாமக்கல் மாவட்டத்தில் 2015ஆம் ஆண்டு பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு நேர்ந்தது இவ்வகையில் அடங்காது. அந்நூலை அரசு தடைசெய்யவில்லை; நீதிமன்றமும் தடைசெய்யவில்லை. எனினும் நூல் விற்பனையிலிருந்து நீங்கியது; ஆசிரியர் எழுத்தைத் துறப்பதாக அறிவித்தார். இதனை 'ஆணையில்லாத் தடை' எனப் பெயரிட்டு, அதன் இயல்பையும், முந்தைய தடைகளினின்று அது வேறுபடும் முறையையும், வட்டார நாவலின் வடிவத்தின்மீது அது விளைத்த தாக்கத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அதே மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் நிகழும் வாய்மொழி வழக்காற்று ஆய்வுகளுக்கு இந்நிகழ்வு எழுப்பும் வினாக்களும் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தணிக்கை, கருத்துச் சுதந்திரம், மாதொருபாகன், வட்டார நாவல், இடப்பெயர், கொல்லிமலை, வாய்மொழி வழக்காறு.

முன்னுரை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும் கருத்து வெளியீட்டு உரிமையையும் வழங்குகிறது. 19(2) பிரிவு, பொது ஒழுங்கு, நாகரிகம், ஒழுக்கம், அவதூறு முதலிய காரணங்களால் அவ்வுரிமைக்குச் சட்டத்தின்வழி நியாயமான வரம்புகள் விதிக்கலாம் என்கிறது. இங்குச் 'சட்டத்தின்வழி' என்பது கருதத்தக்கது. வரம்பு விதிப்பவர் யார், எந்தச் சட்டப்படி விதிக்கிறார், எக்காரணத்தால் விதிக்கிறார், அதனை எதிர்த்து எங்கு முறையிடலாம் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை இருந்தாலொழிய அவ்வரம்பு சட்டவழிப்பட்டதாகாது. இந்நான்கு வினாக்களையே அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை தன் பொருளை அணுகுகிறது.

ஆணைவழித் தடைகள்: ஒரு முன்வரலாறு

தமிழ் எழுத்துக்கு எதிரான அரசுத் தடைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. சுப்பிரமணிய பாரதியின் 'இந்தியா' இதழ் 1908இல் சென்னையைவிட்டுப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் பெயர நேர்ந்தது. பாரதி மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின்னர், 1928இல், அவர்தம் பாடல் நூல்கள் சென்னை மாகாண அரசால் பறிமுதல் செய்யப்பட்டன. அதனைக் கண்டித்துச் சட்டசபையில் எஸ். சத்தியமூர்த்தி ஆற்றிய உரை வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

விடுதலைக்குப் பின்னரும் தடைகள் தொடர்ந்தன. கொங்கு நாட்டின் ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த புலவர் குழந்தை இயற்றி 1946இல் வெளிவந்த 'இராவண காவியம்' 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கப்பெற்றது. 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் சென்னை மாகாணத்திற்குள் நுழைவதற்கு விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் நீக்கியது. அத்தீர்ப்பின் விளைவுகளுள் ஒன்றாகவே 1951ஆம் ஆண்டின் முதல் அரசமைப்புத் திருத்தம் அமைந்தது. 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம், நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரிகளிடம் ஒப்படைக்கச் செய்தது. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவையாக்கியது.

இத்தடைகள் அனைத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை ஒவ்வொன்றும் ஓர் ஆவணத்தை விட்டுச் சென்றுள்ளன. ஆணை இருந்ததால் அதனைச் சட்டசபையில் கண்டிக்க முடிந்தது. நீதிமன்றத்தில் எதிர்க்க முடிந்தது. பிந்தைய அரசு ஒன்று அதனைத் திரும்பப் பெறவும் முடிந்தது. 'இராவண காவியம்' இருபத்து மூன்றாண்டுகள் முடங்கிக் கிடந்தது என்பது கொடிதே. எனினும், எது தன்னை முடக்கியது என்பதை அந்நூலால் சுட்டிக்காட்ட முடிந்தது.

'மாதொருபாகன்' நிகழ்வு

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ஆம் ஆண்டு காலச்சுவடு வெளியீடாக வந்தது. திருச்செங்கோட்டு மலைமேல் உறையும் அர்த்தநாரீசுவரரின் பெயரே நாவலின் தலைப்பு. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், கொங்கு வேளாளக் குடும்பமொன்றைச் சேர்ந்த காளி, பொன்னா என்னும் இணையர், திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் மகப்பேறு இல்லாமையால் உறவாலும் ஊராலும் படும் இழிவை நாவல் பேசுகிறது. தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், குழந்தையில்லாப் பெண்கள் தெய்வமாகக் கருதப்படும் முன்னறியா ஆடவருடன் கூடலாம் என்றொரு வழக்கம் நாவலில் இடம்பெறுகிறது. அவ்வழக்கம் அன்பால் பிணைந்த அவ்விருவருக்கிடையே எழுப்பும் பிளவே நாவலின் உச்சம்.

நூல் வெளிவந்து நான்காண்டுகள் எவ்வெதிர்ப்பும் எழவில்லை. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளியானது. 2014 டிசம்பர் இறுதியில் திருச்செங்கோட்டில் நூலின் படிகள் எரிக்கப்பட்டன. நூலின் சில பக்கங்கள் மட்டும் தனியே படியெடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. 2015 ஜனவரி 9 அன்று திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடைபெற்றது. ஊர்ப் பெண்களையும் கோயிலையும் தம் சமூகத்தையும் நாவல் இழிவுபடுத்துகிறது என்பது எதிர்ப்பாளர்தம் குற்றச்சாட்டு.

ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை நடைபெற்றது. அதில் ஆசிரியர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்கவும், சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்கவும், விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். இதனையடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்னும் அறிவிப்பை அவர் தம் முகநூல் பக்கத்தில் வெளியிட்டார். தம் நூல்கள் எவற்றையும் இனி விற்க வேண்டாம் எனப் பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார். நாமக்கல் அரசு கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர்ச் சென்னைக்குப் பணிமாறுதல் பெற்றுச் சென்றார்.

ஆணையும் ஒப்பந்தமும்

அன்று நடைமுறையிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, ஒரு நூலைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்கியது. அதற்கு அரசு அறிவிக்கை வேண்டும். அதில் காரணங்கள் எடுத்துரைக்கப்பட வேண்டும். பாதிக்கப்பட்டவர் 96ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவ்வதிகாரம் 98ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

அமைதிப் பேச்சுவார்த்தையை முன்னர்க் கூறிய நான்கு வினாக்களோடு பொருத்திப் பார்க்கலாம். தடைவிதித்தவர் யார்? எவருமிலர், ஆசிரியரே ஒப்புக்கொண்டார். எந்தச் சட்டத்தின்படி? எச்சட்டமும் குறிப்பிடப்படவில்லை. எக்காரணத்தால்? நூலின் எப்பகுதி எக்குற்றமாகிறது என்னும் ஆய்வு அங்கு நிகழவில்லை. பொது அமைதி என்பதே காரணம். எங்கு முறையிடுவது? தாமே கையொப்பமிட்டதை எதிர்த்து ஒருவர் எங்குச் சென்று முறையிட இயலும்?

ஆணையில்லாத் தடையின் வலிமை இதுவேயாகும். தணிக்கைப் பொறுப்பு அரசிடமிருந்து படைப்பாளியின் கைக்கு மாற்றப்படுகிறது. தடை என்னும் சொல் மறைந்து, 'வருத்தம்', 'ஒப்புதல்', 'சுமுகம்' என்னும் சொற்கள் அவ்விடத்தில் அமர்கின்றன. இச்சொற்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் சொற்கள். இரு தரப்பாரையும் அமரவைத்து, நேர்ந்தது எதுவாயினும் வலிமை குறைந்தவர் பணிந்துபோவதால் அமைதி காணும் முறை அது. வாய்க்கால் வழக்கிலும் வேலித் தகராற்றிலும் அம்முறைக்குப் பயன் இருக்கலாம். அடிப்படை உரிமை ஒன்றை அவ்வாறு பேசி முடிக்க இயலாது.

இதற்கு முன்மாதிரியான தீர்ப்பு தமிழ்த் திரைப்படம் ஒன்றின் வழக்கிலேயே கிடைத்திருந்தது. இடஒதுக்கீட்டுக் கொள்கையைக் குறைகூறுகிறது என எதிர்க்கப்பட்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் தொடர்பான எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம் வழக்கில், போராட்ட மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க இயலாது என்றும், எதிர்ப்பாளரைச் சமாளிக்க இயலவில்லை என அரசு கைவிரிக்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 1989இல் உரைத்தது. நாமக்கல்லில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. மிரட்டப்பட்டவரைக் காப்பதற்கு மாறாக, மிரட்டப்பட்டவர் அடங்குவதாலேயே அமைதி நிலைநாட்டப்பட்டது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கும், நூலைத் தடைசெய்யக் கோரியும் ஆசிரியர்மீது குற்ற நடவடிக்கை வேண்டியும் எதிர்த்தரப்பார் தொடுத்த வழக்குகளும் ஒருங்கே விசாரிக்கப்பட்டன. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோர் அடங்கிய அமர்வு 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பு வழங்கியது.

தீர்ப்பின் மூன்று கூறுகள் இங்குக் கருதத்தக்கன. முதலாவது, ஜனவரி 12 பேச்சுவார்த்தையின் முடிவு எவரையும் கட்டுப்படுத்தாது என்றமை. ஆணையில்லாத் தடைக்குச் சட்டத் தகுதி இல்லை என்பது இதனால் உறுதியாயிற்று. இரண்டாவது, நாவலைத் துண்டு பக்கங்களாக அன்றி முழுமையாகப் படித்து, மகப்பேறின்மையைச் சமூகம் நடத்தும் விதத்தைப் பேசும் படைப்பாக அதனை மதிப்பிட்டமை. மூன்றாவது, பிடிக்காத நூலைப் படிக்காது விட்டுவிடும் உரிமை வாசகருக்கு உண்டு. அவ்வெறுப்பு பிறர் எழுதுவதைத் தடுக்கும் உரிமையாகாது என்றமை. எழுத்தாளர் தமக்குக் கைவந்த பணிக்கு மீண்டு எழுதுவாராக என்னும் கருத்துடன் தீர்ப்பு நிறைவுற்றது. இத்தகைய சூழல்களைக் கையாள அரசு வல்லுநர் குழுவொன்றை அமைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் அறிவுறுத்தியது. இவ்வறிவுரை கவனத்துடன் அணுகப்பட வேண்டியது. வல்லுநர் குழு படைப்பாளிக்குக் காப்பாகவும் அமையலாம். புதியதொரு தணிக்கை வாயிலாகவும் மாறலாம். அதன் அதிகார எல்லை எதுவென்பதே இதனை முடிவுசெய்யும்.

இடப்பெயரும் வட்டார நாவலும்

எதிர்ப்பாளர் கோரிக்கைகளுள் இலக்கிய ஆய்வாளர் ஊன்றி நோக்க வேண்டியது, ஊர்ப்பெயரையும் சமூகப்பெயரையும் நீக்க வேண்டும் என்பதாகும். கதையை வேறெங்கோ நிகழ்ந்ததாக எழுதியிருந்தால் சிக்கல் இல்லை என்னும் கருத்தும் அன்று பரவலாக முன்வைக்கப்பட்டது. இணக்கமானதுபோல் தோன்றும் இக்கருத்து, வட்டார நாவல் என்னும் வகைமையின் வேரையே தொடுகிறது.

அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் காட்டும் மரபு. ஒருவர்தம் அகவாழ்வு பொதுவெளியில் அலராகாமல் காக்கும் பண்பாட்டு அறம் இதில் உண்டு. ஆனால் இம்மரபு ஆட்பெயரைத்தான் விலக்கியது, இடப்பெயரை விலக்கவில்லை. கொல்லிமலையே இதற்குச் சான்று. கபிலர் பாடிய குறுந்தொகை 100ஆம் பாடலில் வல்வில் ஓரியும் கொல்லியும் அங்குள்ள பாவையும் தலைவியின் இயல்புக்கு உவமையாகின்றன. பரணரின் குறுந்தொகை 89ஆம் பாடலிலும் கொல்லிப்பாவை இடம்பெறுகிறது. அகநானூறு 209, காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த வரலாற்றையே அகப்பாடலுக்குள் கொணர்கிறது. பெயர் சுட்டாத மாந்தரும் பெயர் சுட்டிய நிலமுமாக அமைவதே சங்க அகமரபு.

'மாதொருபாகன்' இம்மரபுக்கு அயலானதன்று. காளியும் பொன்னாவும் புனைவு மாந்தர். எவ்வொரு தனி மனிதரையும் அவர்கள் சுட்டவில்லை. திருச்செங்கோடு மெய்யான நிலம். 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' தமிழின் முதல் வட்டார நாவல் எனப் போற்றப்படுகிறது. வட்டார நாவலுக்கு வித்திட்ட கொங்கு மண்ணிலேயே, வட்டாரத்தின் பெயரை நீக்குமாறு ஒரு நாவல் பணிக்கப்பட்டமை வரலாற்று முரணாகும். ஊர்ப்பெயரை நீக்கினால் பேச்சுவழக்கு, வேளாண் முறை, தெய்வ வழிபாடு, உறவுமுறை ஆகியன பற்றுக்கோடின்றி நிற்கும். 'வேறோர் ஊர்' என்பது எந்த ஊரும் அன்று. சாதியும் சடங்கும் எப்போதும் ஒரு குறிப்பிட்ட நிலத்திலேயே வாழ்கின்றன. நிலத்தை மறைக்கச் சொல்வது அவற்றைப் பற்றிய பேச்சையே மறைக்கச் சொல்வதாகும்.

எதிர்ப்பாளரின் மனவருத்தத்தைப் பொய்யெனத் தள்ளவும் இயலாது. மகப்பேறின்மைக்கு ஆளானவரும், நேர்த்திக்கடன் இருந்து பிள்ளை பெற்றவரும் இப்பகுதியில் உளர். தம் பிறப்பைப் பிறர் ஐயுறுவர் என்னும் அச்சம் அவர்க்கு எழுந்திருக்கலாம். அவ்வழக்கத்திற்குச் சான்று உண்டா என வினவவும், நாவலைக் கடுமையாகத் திறனாயவும், மறுநூல் எழுதவும் அவர்க்கு முழு உரிமை உண்டு. கருத்துரிமை அவர்க்கும் உரியதே. வருத்தம் மறுப்பாக வெளிப்படும்வரை அது உரையாடல். எரிப்பாகவும் கடையடைப்பாகவும் மாறும்போது அது தணிக்கை.

அகத்தே அமர்ந்த தணிக்கையாளர்

தீர்ப்பு நூலை மீட்டது. எழுத்து அப்படியே மீண்டதா என்பது வேறு வினா. 2016இல் 'கோழையின் பாடல்கள்' கவிதைத் தொகுப்பு வெளியானபோது, தம் உள்ளே ஒரு தணிக்கையாளர் அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் சோதிப்பதாக ஆசிரியர் குறிப்பிட்டார். அதே ஆண்டு வெளிவந்த 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' நாவலின் முன்னுரையில், மனிதரைப் பற்றியும் தெய்வங்களைப் பற்றியும் எழுத அஞ்சுவதாகவும், விலங்குகளிலும் மாடும் பன்றியும் விலக்கி ஆட்டைத் தேர்ந்ததாகவும் எள்ளலோடு கூறுகிறார்.

அங்கதமாகத் தோன்றும் இக்கூற்று வடிவ மாற்றத்திற்கான சான்றும் ஆகும். முந்தைய நாவல்களில் ஊரும் சாதியும் பெயரோடு நின்றன. 'பூனாச்சி'யில் ஊர்ப்பெயர் இல்லை. வெள்ளாடுகளுக்கும் காதுகுத்திக் கணக்கெடுக்கும் ஆட்சியொன்று அங்கு நிகழ்கிறது. அடுத்து வந்த 'கழிமுகம்' நாவலின் மாந்தர் குமராசுரர் முதலிய அசுரப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றனர். 'மாதொருபாகன்' மீது சுமத்தப்பட்ட 'பெயரை நீக்குக' என்னும் கோரிக்கை நீதிமன்றத்தில் தோற்றது; ஆயினும் பின்வந்த நாவல்களின் வடிவத்தில் அதன் தடம் காணப்படுகிறது. இம்மாற்றம் கலை நோக்கில் இழப்பு மட்டும் என்று கூறுவதற்கில்லை. கண்காணிக்கும் அரசைப் பற்றித் தமிழில் எழுந்த குறிப்பிடத்தக்க உருவகப் புனைவாகப் 'பூனாச்சி' அமைந்தது. எனினும் தேர்ந்து மேற்கொள்ளும் உருவகமும், அச்சத்தால் தஞ்சம் புகும் உருவகமும் ஒன்றல்ல. பிற்கால ஆய்வாளர் இந்நாவல்களை வடிவச் சோதனை என்று மட்டும் மதிப்பிடாமல், அவற்றைப் பிறப்பித்த சூழலோடு சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இணையவெளியில் ஆணையின் மறைவு

இதே காலப்பகுதியில் இணையத்தில் கருத்துரிமை பற்றிய முதன்மையான தீர்ப்பும் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவை, அதன் சொற்கள் வரையறையின்றிப் பரந்துள்ளன எனக் கூறி, 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் இணைய உள்ளடக்கத்தை முடக்கும் 69அ பிரிவை அத்தீர்ப்பு நிலைநிறுத்தியது. அப்பிரிவின்கீழ் 2009இல் இயற்றப்பட்ட விதிகள், முடக்கக் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் கமுக்கமாகக் காக்கப்பட வேண்டும் என்கின்றன.

நாமக்கல்லில் ஆணையே இல்லை. இணையத்தில் ஆணை உண்டு, அது வெளித்தெரிவதில்லை. இரண்டிலும் வாசகர்க்கு எஞ்சுவது ஒன்றே. எது நீங்கியது, ஏன் நீங்கியது என்பதை அவர் அறியார். 1928ஆம் ஆண்டுப் பறிமுதலை ஆவணக்காப்பகத்தில் தேடிப் படிக்கும் ஆய்வாளர், இக்காலத் தடைகளை எங்குத் தேடுவார் என்பது இலக்கிய வரலாற்றெழுதியலின் முன் நிற்கும் வினா.

கொல்லிமலையும் கள ஆய்வும்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதையை எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகள் பதிவு செய்துள்ளன. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அக்கதை. அம்மக்களின் மணமுறை பற்றி அத்தொகுதிகள் தரும் செய்திகளுள் சில இன்றைய தலைமுறையினர் ஏற்கத் தயங்கக்கூடியவை. அறப்பளீசுவரர் கோயில், எட்டுக்கை அம்மன், கொல்லிப்பாவை பற்றிய வழக்காறுகளும் ஊருக்கு ஊர் மாறுபடுகின்றன. ஒன்றையொன்று மறுக்கவும் செய்கின்றன.

இங்குக் கள ஆய்வு செய்வோர்க்கு 'மாதொருபாகன்' நிகழ்வு நேரடிப் பொருளுடையது. வாய்மொழி வழக்காறு என்பது 'அப்படிச் சொல்கிறார்கள்' என்னும் சான்றுநிலையில் நிற்பது. அதனைச் 'சான்றுண்டா' என்னும் ஒற்றை வினாவால் அளந்தால் நாட்டார் வழக்காற்றியலின் பெரும்பகுதி எழுதப்படாமலே போகும். அதே வேளையில் ஆய்வாளர்க்கும் கடமை உண்டு. தகவலாளியின் ஒப்புதல் பெறுதல், தனி மனிதரை அடையாளங்காட்டும் செய்திகளை நீக்குதல், மாறுபட்ட வடிவங்களையும் சேர்த்துத் தருதல் ஆகியன ஆய்வறம் சார்ந்தவை. தகவலாளியின் பெயரை மறைப்பது அறம். மலையின் பெயரை மறைப்பது தணிக்கை. இவ்வேறுபாட்டைச் சங்க அகமரபு முன்பே வகுத்துள்ளது என்பது மேலே காட்டப்பட்டது. இதனைப் பேணாத ஆய்வாளர், எதிர்ப்பு எழுமுன்னரே சிக்கலான வடிவத்தைக் குறிப்பேட்டிலேயே விட்டுவிடுவார். அவ்விழப்பை எந்த நீதிமன்றத்தாலும் மீட்க இயலாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. முற்காலத் தடைகள் ஆணையின்வழி நிகழ்ந்து ஆவணம் விட்டுச் சென்றன. 2015ஆம் ஆண்டு நாமக்கல் நிகழ்வு, ஆசிரியரின் ஒப்புதலையே கருவியாகக் கொண்ட ஆணையில்லாத் தடையாகும்.

2. காரணம், சட்டம், பொறுப்பாளர், மேல்முறையீடு ஆகிய நான்கும் இல்லாமையால் இவ்வகைத் தடை, அரசு ஆணையைவிட எதிர்ப்பதற்கு அரியது. 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்குச் சட்டத் தகுதி இல்லை என நிறுவியது.

3. அகமரபு ஆட்பெயரை விலக்கி இடப்பெயரை ஏற்றது. ஆகவே இடப்பெயரை நீக்கும் கோரிக்கை மரபுவழிப்பட்டதன்று. வட்டார நாவல் என்னும் வகைமையையே மறுப்பது.

4. தீர்ப்புக்குப் பிந்தைய நாவல்களில் காணும் நிலமற்ற தன்மையைத் தணிக்கையின் வடிவச் சான்றாகவும் படிக்க வேண்டும்.

5. வாய்மொழி வழக்காற்று ஆய்வில் தகவலாளியைக் காப்பதும் தரவைக் காப்பதும் வெவ்வேறு கடமைகள். ஒன்றன் பெயரால் மற்றொன்றைக் கைவிடலாகாது.

தமிழகத்தின் பிற மாவட்டங்களில் எழுத்தாளர்கள் எதிர்கொண்ட இத்தகைய பேச்சுவார்த்தைகளையும் ஊர்விலக்கங்களையும் தொகுத்து ஆவணப்படுத்துவது அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். ஆணையில்லாத் தடைக்கு ஆவணத்தை உண்டாக்கும் பொறுப்பு தமிழாய்வுக்கு உரியது.